வலிப்பை மறைத்தால் வழக்கு நிற்குமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். திருப்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு 36 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன மாதம் வேலை முடிந்து டூவீலரில் வரும்போது திடீரென்று ஃபிட்ஸ் வந்து, ஓரமாக நடந்துபோன ஒரு வயதான அம்மா மேல் வண்டி மோதிவிட்டது. அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு முறிவு. இவருக்கு இதற்குமுன் ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வந்ததில்லை. போலீஸ் கேஸ் போட்டு, வண்டியை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் உண்டு, அவருக்கு லைசென்ஸும் உண்டு. ஜி.எச்.சில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் ‘சீஷர்’ என்று போட்டிருக்கிறது, போலீஸ் கொடுத்த தாளிலும் ‘சீஷர்’ என்றே இருக்கிறது. ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்துத்தான் வண்டியைப் பிடித்தார்களா? என் கொழுந்தனார், “ஃபிட்ஸ் என்று சொன்னால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, லைசென்ஸும் போய்விடும், நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிடலாம்” என்கிறார். வண்டிக்கு இரண்டு டியூ பாக்கி, ஃபைனான்ஸ்காரர்கள் சீஸ் பண்ணிவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். இதற்கிடையில் எங்கள் அம்மா வீட்டில் ஒரு பெரியவர், வலிப்பு உள்ளவரைக் கட்டியிருந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று பேசுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாய்க் கதை வேண்டாம். முதலில் இதை உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இந்த வழக்கில் உங்கள் கணவருக்குச் சாதகமாக இருப்பதே அந்த வலிப்புதான். அதை நீங்களே மறைத்துவிட்டால், அவருக்காகப் பேச எந்த வக்கீலுக்கும் எதுவும் மிஞ்சாது.

தாள் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆஸ்பத்திரித் தாளில் இருப்பது வலிப்பு. போலீஸ் தாளில் இருப்பது பறிமுதல், அதாவது வழக்குக்காக ஒரு பொருளைக் கைப்பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரித் தாளுக்காக யாரும் வண்டியைப் பிடிக்கவில்லை, விபத்து நடந்ததால் பிடித்திருக்கிறார்கள். ஃபைனான்ஸ்காரர்கள் சொல்லும் ‘சீஸ்’ இன்னொரு ரகம். அது போலீஸ் பறிமுதலும் இல்லை, கோர்ட் ஜப்தியும் இல்லை. கடன் ஒப்பந்தத்தின் பேரில் அவர்கள் வண்டியை எடுத்துக்கொள்வது.

மருத்துவத் தாளை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அதில் ‘சீஷர்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘எபிலெப்சி’ என்றும் இருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. மூளையில் உள்ள நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ச்சுவதால் வருவது வலிப்பு. அது ஒரு நிகழ்வு. எபிலெப்சி, அதாவது வலிப்பு நோய், என்பது அது திரும்பத் திரும்ப வரக்கூடிய நிலை. வெளிப்படையான தூண்டுதல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை வந்தால் அதை நோய் என்கிறார்கள். 2014க்குப் பிறகு, ஒரே தடவை வந்திருந்தாலும் மறுபடி வர வாய்ப்பு மிக அதிகம் என்று பரிசோதனைகளில் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறார்கள். சர்க்கரை இறங்கினாலும், உப்புச்சத்து குறைந்தாலும், தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் ஒரு தடவை வலிப்பு வரலாம். நாடாப்புழு முட்டை சாப்பாடு வழியாக உள்ளே போய், அதன் புழு மூளையில் நீர்க்கட்டியாகத் தங்குவது நம் நாட்டில் முக்கியமான காரணங்களில் ஒன்று. பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் இது வருகிறது, கழுவாத கீரையும் காய்கறியும் போதும். இது எதையும் நான் முடிவு செய்ய முடியாது, நான் மருத்துவர் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மயக்கமா வலிப்பா என்று சந்தேகம் இருந்தால் இதயத்துக்கும் ஒரு இ.சி.ஜி. எடுப்பார்கள். விபத்து வழக்குகளுக்காக ஏராளமான டிஸ்சார்ஜ் சீட்டுகளைப் படித்த பழக்கத்தில் சொல்கிறேன்: வலிப்பு வந்ததற்கு என்ன காரணம் என்று எழுதி வாங்கிய தாள் பின்னால் கோர்ட்டில் மிகவும் உதவும்.

இப்போது வழக்குக்கு வருவோம்.

எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பாருங்கள். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து” என்ற வரி அதில் இருக்கும், எல்லா விபத்து எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும். பிரிவுகள் பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125(பி) ஆக இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 338 என்று இருந்தவைதான் 2024 ஜூலை 1 முதல் எண் மாறி வந்திருக்கின்றன. எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம் என்பதால் 125(பி). இதற்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பயப்படாதீர்கள், ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான். இந்தப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று: அவர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வலிப்பு வந்து நினைவே இல்லாமல் போன ஒருவரை, கவனமாக ஓட்டவில்லை என்று எப்படிக் குற்றம் சொல்வது?

ஆனால் இதில் ஒரு கொக்கி உண்டு. வலிப்பு வந்த அந்த நொடியை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. வண்டிச் சாவியை எடுத்தபோது அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்க்கும். இதற்குச் சட்டக் கல்லூரிகளில் எப்போதும் சொல்லும் வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 1955 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்தில் எமில் டெசினா என்பவர் கார் ஓட்டிப்போகும்போது வலிப்பு வந்து, கார் நடைபாதையில் ஏறி நான்கு பள்ளிச் சிறுமிகள் இறந்துபோனார்கள். வலிப்பு வந்தபோது அவருக்கு நினைவில்லை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தனக்கு வலிப்பு வரும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் தனியாகக் காரை எடுத்ததுதான் குற்றம், அந்தக் குற்றச்சாட்டு நிற்கும் என்று 1956இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. (நோயாளி டாக்டரிடம் சொன்னதைச் சாட்சியமாக எடுத்தது தவறு என்று மறுவிசாரணைக்கும் அனுப்பினார்கள். நம் நாட்டில் வக்கீலிடம் சொன்னதற்கு இருக்கும் அந்த ரகசியக் காப்பு டாக்டரிடம் சொன்னதற்குக் கிடையாது. ஆஸ்பத்திரிப் பதிவேடு கோர்ட்டுக்கு வந்தே தீரும்.)

வெளிநாட்டுத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கவனக்குறைவை அளக்கும் விதம் இங்கும் இதுதான். உங்கள் கணவர் டெசினாவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். முன்பு வலிப்பு வந்ததில்லை, மாத்திரை சாப்பிடவில்லை, ‘வண்டி ஓட்டாதே’ என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதைத்தான் கோர்ட்டில் சொல்ல வேண்டும். நாய்க் கதை சொன்னால் என்ன ஆகும்? நினைவோடு, கண் திறந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் நாயைப் பார்த்து வண்டியைத் திருப்பி ஒரு கிழவி மேல் விட்டார் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். வேகமாக வந்ததால்தானே நிறுத்த முடியவில்லை என்று அடுத்த கேள்வி வரும். மேலும், விபத்து வழக்குகளில் குறுக்கே ஓடிய நாய்களை எல்லாம் எண்ணினால் தமிழ்நாட்டில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம் என்று ஆகிவிடும். மாஜிஸ்திரேட் சிரிக்கமாட்டார், ஆனால் நம்பவும் மாட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜி.எச்.சில் சேர்த்த அன்றே ஏ.ஆர். காப்பி போட்டிருப்பார்கள், அதாவது விபத்துப் பதிவேடு. யார் கூட்டிவந்தார்கள், எப்படி அடிபட்டது என்று என்ன சொன்னார்கள், நினைவு இருந்ததா, மது வாடை இருந்ததா எல்லாம் அதில் இருக்கும். யாரும் வக்கீலைப் பார்க்கும் முன்பு, கதை ஜோடிக்க நேரம் கிடைக்கும் முன்பு எழுதப்பட்டது என்பதால் கோர்ட் அதற்குத் தனி மதிப்பு கொடுக்கும். அதில் ‘வலிப்பு வந்து விழுந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று இருந்து, நீங்கள் நாயைக் கொண்டுவந்தால் இரண்டும் போச்சு. அதன் நகலை உடனே வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது, முழு கேஸ் ஷீட்டின், அதாவது ஆஸ்பத்திரியில் எழுதிய சிகிச்சைக் குறிப்புகளின் நகலுக்கும் எழுதிக் கொடுங்கள். நாக்கின் பக்கவாட்டில் கடித்த காயம், உடையிலேயே சிறுநீர் போனது, கொஞ்ச நேரம் குழம்பிப் பேசியது போன்றவை நர்ஸ் எழுதிய ஒரு வரியாக அதில் இருக்கலாம். வலிப்பு வந்தது என்பதற்கு அந்த ஒரு வரி பெரிய ஆதாரம். வலிப்பு முடிந்து எழுபவர் உளறுவார், தள்ளாடுவார், பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்றே நினைப்பார்கள். உங்கள் எஃப்.ஐ.ஆரில் அப்படி ஒரு வார்த்தை நுழைந்திருந்தால், ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

எதிர்த்தரப்பு எங்கே தாக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “வலிப்பு வந்ததால் மோதவில்லை. மோதி விழுந்து தலையில் அடிபட்டதால்தான் வலிப்பு வந்தது” என்பார்கள். இது வெறும் வாதமில்லை, தலைக்காயத்தால் உடனே வலிப்பு வருவது மருத்துவத்தில் உள்ளதுதான். ஆகவே எது முதலில் நடந்தது என்பதே இந்த வழக்கின் உயிர். அவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா? தலை சி.டி. ஸ்கேனில் காயம் ஏதும் இல்லை என்று வந்ததா? வந்திருந்தால் அந்த அறிக்கை பத்திரம். சாலையில் பிரேக் பிடித்த தடம் இருந்ததா என்பது போலீஸ் போட்ட வரைபடத்திலும், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் தெரியும். நினைவில்லாதவர் பிரேக் பிடித்திருக்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பார்த்தவர்கள். பக்கத்தில் டீக்கடை, மளிகைக்கடை இருந்தால் போய்க் கேளுங்கள். மோதும் முன்பே வண்டி கோணலாகப் போனதையோ, கை வெட்டி இழுத்ததையோ யாராவது பார்த்திருப்பார்கள். சாவிக்கொத்தைக் கையில் திணித்தவரும் அங்கேதான் இருப்பார். (இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. அடுத்த தடவை யாருக்கு வந்தாலும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108க்குச் சொல்லுங்கள்.) யாராவது செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் அது உங்கள் மருத்துவருக்கும் வேண்டும், வக்கீலுக்கும் வேண்டும். கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டது, நாளைக்கே போய்ப் பாருங்கள்.

இ.இ.ஜி. எடுத்து நார்மல் என்று வந்தால் பதற வேண்டாம். “இ.இ.ஜி. நார்மல், ஆகவே வலிப்பே இல்லை” என்று வாதாடுவார்கள். வழக்கமான இ.இ.ஜி. அரை மணி நேர அளவில் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது. வலிப்பு இல்லாத நேரத்தில் அது நார்மலாக இருப்பது சகஜம். இதை உங்கள் மருத்துவரே எழுதிக் கொடுப்பார்.

அப்புறம், கோர்ட்டுக்குச் சம்மன் வந்தவுடன் யாராவது உங்கள் கணவரிடம், “குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்” என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். இந்த மாதிரி வழக்குகளில் தினமும் நடப்பதுதான். உங்கள் விஷயத்தில் கூடாது. ஒத்துக்கொண்டால் அஜாக்கிரதையாக ஓட்டினேன் என்று அவரே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அது பின்னால் இழப்பீட்டு வழக்கில் அவருக்கு எதிராக வரும், லைசென்ஸ் விஷயத்திலும் வரும். கையில் இவ்வளவு நல்ல எதிர்வாதத்தை வைத்துக்கொண்டு ஃபைன் கட்ட வேண்டியதில்லை. வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. உங்கள் பெயரில் வண்டி இருப்பதால் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி உங்கள் கொழுந்தனார் சொன்னது சரியில்லை. அடிபட்ட அம்மாவுக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி என்னென்ன காரணம் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 150ஆம் பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, பொய்த் தகவல் கொடுத்து பாலிசி எடுத்தது போன்றவை அதில் வரும். முதன்முறையாக வந்த வலிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, பாலிசி இருக்கிறது. விபத்தைப் பற்றிக் கம்பெனிக்கு இன்னும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கணவர் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டால், கால் உடைந்த அந்த அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமா? போகாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 164ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோர முடியும். தவறு இருப்பதாகச் சொல்லி 166ஆம் பிரிவில் அதிகமாகக் கேட்டுப் போவது அவர்கள் இஷ்டம். அதையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் எதிர்கொள்ளும். ஆகவே நீங்கள் உண்மையைச் சொல்வதால் அந்த அம்மாவுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. போய்ப் பாருங்கள், செலவுக்கு ஏதாவது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ஆனால் ஸ்டாம்ப் பேப்பரில் ‘எங்கள் தவறால்’ என்று எழுதிய எதிலும் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டி விஷயம் எளிது. விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த நடைமுறை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வு முடிந்துவிட்டதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். முடிந்தும் தரவில்லை என்றால், வழக்குச் சொத்தாகப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப் பிடித்ததைப் போலீஸ் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இருக்கிறது. அதே சட்டத்தின் 497, 503 பிரிவுகளில் இடைக்காலமாக வண்டியை ஒப்படைக்கச் சொல்லி நீங்கள் மனுப் போடலாம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால் மனுவும் உங்கள் பெயரில்தான் போக வேண்டும், கணவர் பெயரில் போட்டால் இழுத்தடிக்கும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், ஆதார் நகல்கள் போதும். புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, விற்கமாட்டேன், நிறம் மாற்றமாட்டேன், கூப்பிட்டால் கொண்டுவருவேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பிடித்த வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் துருப்பிடிக்க விடுவதில் யாருக்கும் பயனில்லை, சீக்கிரம் ஒப்படையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் ஸ்டேஷன் வாசல்கள் எப்படி இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மனுப் போட்டால்தான் நகரும்.

ஃபைனான்ஸ். வண்டி போலீஸ் காவலில் இருக்கும்வரை அவர்களால் நேரடியாகத் தூக்க முடியாது. வெளியே வந்த பிறகும், ஒப்பந்தத்தில் சொன்னபடி நோட்டீஸ் கொடுத்து, கட்டுவதற்குக் கடைசி வாய்ப்பு கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். அடியாட்களை வைத்துப் பிடுங்கக் கூடாது என்று 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய வங்கியையே கண்டித்திருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட உத்தரவு. இதையெல்லாம் சொல்லிச் சண்டை போடுவதைவிட, டிஸ்சார்ஜ் சீட்டு நகலோடு ஒரு கடிதம் எழுதி, இரண்டு டியூவைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மிரட்டல் தொடர்ந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

லைசென்ஸ் தானாகப் போய்விடாது. லைசென்ஸ் எடுக்கும்போது படிவம் 1இல், வலிப்போ திடீரென்று நினைவு தப்புவதோ உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். அன்றைக்கு அவர் ‘இல்லை’ என்று எழுதியது உண்மை. இனிமேல் புதுப்பிக்கும்போது ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய். ஓட்டுவது பிறருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆர்.டி.ஓ. லைசென்ஸை ரத்து செய்யவோ, மருத்துவச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லவோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. எத்தனை மாதம் வலிப்பில்லாமல் இருந்தால் ஓட்டலாம் என்று நம் சட்டம் கணக்குச் சொல்லவில்லை. பிரிட்டனில் சொல்லியிருக்கிறார்கள்: காரணமில்லாமல் ஒரே ஒரு வலிப்பு வந்தவர் பொதுவாக ஆறு மாதம், வலிப்பு நோய் உள்ளவர் ஒரு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால்தான் பைக்கோ காரோ ஓட்டலாம். வலிப்பு நோய் உள்ளவர் லாரி, பஸ் ஓட்ட வேண்டும் என்றால் மாத்திரையே இல்லாமல் பத்து வருடம். இங்கே உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. ‘ஓட்டலாம்’ என்று அவர் எழுத்தில் தரும்வரை உங்கள் கணவர் டூவீலரைத் தொடவே கூடாது, பக்கத்துக் கடைக்கும் கூடாது. இந்தத் தடவை அவரைக் காப்பாற்றுவது ‘எனக்குத் தெரியாது’ என்பது. அடுத்த தடவை அதைச் சொல்ல முடியாது, டிஸ்சார்ஜ் சீட்டில் தேதியோடு இருக்கிறது. பஃபலோ வழக்கில் டெசினா நின்ற இடத்தில் அவர் நிற்க வேண்டிவரும். வண்டியைக் கொடுத்தவர் என்ற முறையில் உங்களையும் கேட்பார்கள்.

சாலையைவிட எனக்குக் கவலை அவர் வேலை. கட்டிங் மெஷினின் பிளேடு முன்னால் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் கடிதம் வாங்கி, கொஞ்ச காலத்துக்கு செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ போடச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். கூலி குறையும்தான். நைட் ஷிஃப்ட் வேண்டாம், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். மாத்திரை ஆரம்பித்தால், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தாமாக நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும். வலிப்பு நோய் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர்வரை சரியான மாத்திரையால் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் கணவருக்கு அது நோய்தானா என்றே இன்னும் தெரியாது.

உங்கள் அம்மா வீட்டுப் பெரியவர் பேசுவது பழைய சட்டம். இந்து திருமணச் சட்டத்தில் ஒருகாலத்தில் வலிப்பு நோயையும் மனநோயோடு சேர்த்து எழுதி வைத்திருந்தார்கள், அதைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கவும் முடிந்தது. 1999இல் திருத்தம் கொண்டுவந்து அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பல வருடம் கழித்து முதல் தடவையாக வந்த ஒரு வலிப்பு, அன்றைய சட்டப்படிகூட அதற்குள் வந்திருக்காது. பெரியவரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்களுக்கு இந்த வாரம் டீக்கடை சி.சி.டி.வி.யும் ஏ.ஆர். காப்பியும்தான் அவசரம்.